பழுப்பு, ஆண், வால் நுனி வெள்ளை

வலையக்கா தெருவில் நடந்து வந்தால் நாய்கள் எழுந்து போய்விடும். குரைக்காது, பல்லைக் காட்டாது. ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்ததுபோல எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, நிற்கிற காருக்கு அடியிலோ அடுத்த சந்துக்கோ நழுவிவிடும். இத்தனைக்கும் ஆள் ஐந்தடிகூட இல்லை. முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு, பத்துப் படி ஏறுவதற்குள் நாலு தடவை "அப்பாடா" சொல்கிற மனுஷி. ஆனால் ஊரில் உள்ள நாய்களில் முக்கால்வாசிக்கு அவரைத் தெரியும். தெரிந்த விதம்தான் சரியில்லை.

விலங்குகள் காப்பகத்தில் அவருக்கு வலை போடுகிற வேலை. தெரு நாயை வலை போட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். டாக்டர் அதற்குக் குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்து, வெறிநோய் ஊசி போட்டு, அடையாளத்துக்கு இடது காது நுனியில் துளி வெட்டுவார். புண் ஆறியதும் ஐந்தாம் நாள் அதைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். காப்பகத்தில் யாரும் "பிடிக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். அது நகராட்சிக்காரர்கள் பேச்சு. இங்கே "எடுக்கிறது", "விடுகிறது". "இன்னிக்கு ஏழு எடுத்தேன், நாலு விட்டேன்" என்பார் வலையக்கா, காய்கறி வாங்கிவந்த தோரணையில்.

எடுப்பதைவிட விடுவதுதான் கஷ்டம் என்பது அவருடைய கட்சி. எந்த இடத்தில் எடுத்தோமோ அதே இடத்தில் விட வேண்டும். ஒரு தெரு தள்ளி விட்டால்கூட அந்தத் தெரு நாய்கள் சும்மா விடாது. சோறு எங்கே கிடைக்கும், எந்த வீட்டுக்காரர் கல்லெறிவார் என்று ஒன்றும் தெரியாமல் புது நாய் திண்டாடிப் போய்விடும். அதனால் வலையக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார். "மருந்துக்கடை, இரண்டாவது படி. முதல் படி இல்லை" என்கிற அளவுக்குத் துல்லியம். டாக்டரிடம் அவர் வாய்க்கு வாய் சொல்வது இதுதான்: "உங்க கத்தி தப்பலாம் டாக்டர். ஆனா பதினாலு வருஷத்துல நான் விட்ட நாய் இடம் மாறினதா சரித்திரமே கிடையாது."

டாக்டர் நல்ல பெண்மணி. தன் கத்தியைப் பற்றி இப்படிச் சொன்னதற்கு ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

இந்தப் பெருமையில் ஒரே ஒரு முள் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் நாய் வளர்த்தார். வளர்த்தார் என்றால் கடை வாசலில் அது கிடக்கும், இவர் சோறு வைப்பார். பெயர் தம்பி. பரம சாது. யார் வந்து நின்றாலும் அவர்கள் கால்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வலையக்கா வலையோடு போனபோது அவர் கால்மேலும் உட்கார்ந்தது. பிறகு வண்டிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்துத் தானே ஏறிக்கொண்டது. தானாக வண்டியேறிய நாய் அவருடைய சர்வீஸில் அது ஒன்றுதான்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய தம்பி, அன்று மாலையே கூரியர்காரனின் பேண்ட்டைக் கிழித்தது. மறுநாள் ஒரு ஸ்கூட்டரைக் கோயிலைச் சுற்றுவதுபோல மூன்று சுற்று துரத்தியது. சைக்கிள் கடைக்காரர் காப்பகத்துக்குப் போன் செய்தார். "என் தம்பியை என்ன பண்ணி வச்சீங்க? இது என் தம்பியே இல்லைங்க!" என்று அழாத குறை. அன்று தொடங்கி மூன்று வருஷத்தில் பத்தொன்பது தடவை போன் செய்துவிட்டார். எல்லாத் தடவையும் அதே வசனம்: "இது என் தம்பியே இல்லைங்க."

டாக்டர் இதை லேசில் விடவில்லை. சாதுவான நாய் ஆபரேஷனுக்குப் பிறகு முரடாவது புத்தகத்தில் இல்லாத சங்கதி. ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஹார்மோன் பார்த்தார், கால்நடை மருத்துவர்கள் கூட்டமொன்றில் இருபது நிமிஷம் படம் போட்டுப் பேசியும் விட்டார். கட்டுரையாக எழுதி அனுப்பவும் இருந்தார். இதற்கிடையில் தெருக்காரர்கள் பொறுமை இழந்து, நாயை அப்புறப்படுத்தியே ஆக வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். போன வியாழக்கிழமை வலையக்கா போய் அதை எடுத்துவந்தார். இந்தத் தடவை விடுவதற்காக அல்ல. வெளியே விட லாயக்கில்லாத நாய்களுக்கென்று காப்பகத்தில் பின்வரிசைக் கூண்டுகள் உண்டு. உள்ளே போனால் ஆயுசு முடியும்வரை அங்கேதான். வியாழக்கிழமை போனது, சனிக்கிழமைவரை ஒரு வாய் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

இப்படி மனசு சரியில்லாத நேரத்தில்தான் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். அதே கடையில் கண் பரிசோதிக்கும் பையன். ஒரு வருஷமாக இவள் கண்ணை மட்டும் அதிகமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்திருக்கிறான். பையனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல இடம், நல்ல பையன், எல்லாம் சரி. ஒரே ஒரு சிக்கல். டீச்சரம்மா தன் தெருவில் பதினோரு நாய்களுக்குச் சோறு போடுகிறவர். அந்தப் பதினொன்றையும் ஒரு காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அள்ளிப் போனது வலையக்கா.

"அவங்க அம்மா ரெண்டு நாள் தெருத்தெருவா அழுதுக்கிட்டே தேடுனாங்களாம்மா," என்றாள் மகள். "'அந்த வலைக்காரி மட்டும் என் கையில கிடைச்சா'ன்னு இன்னிக்கும் பல்லைக் கடிப்பாங்களாம். நீ ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறேன்னு சொல்லியிருக்கோம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அதை அவங்க கேட்கல. நீயா ஆரம்பிக்காத."

ஞாயிற்றுக்கிழமை வலையக்கா புதுத் துணி உடுத்தி, மகளின் வாசனைத் திரவியத்தில் பாதி பாட்டிலை மேலே கொட்டிக்கொண்டு கிளம்பினார். கணவர் தையல்காரர், அவசர ஆர்டர் என்று சொல்லித் தப்பித்துவிட்டார். காப்பக வண்டியின் சத்தம் நாய்களுக்குத் தெரியும் என்பதால் தாயும் மகளும் ஆட்டோவில் போனார்கள். வாசனைத் திரவியமெல்லாம் மனிதர்களை ஏமாற்றத்தான் என்பது இறங்கியதுமே தெரிந்துவிட்டது. சுவரோரம் படுத்திருந்த கறுப்பு நாய் முதலில் எழுந்தது. அடுத்து இரண்டு. டீச்சரம்மா வீட்டுப் படியில் கால் வைப்பதற்குள் தெரு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

டீச்சரம்மா உயரமானவர். கழுத்தில் இன்னமும் விசில் தொங்கியது. பிஸ்கட்டும் டீயும் வைத்துவிட்டு, நாற்காலியை நேருக்கு நேர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கீங்களா?"

"இல்லைங்க. பேஷண்ட்டைக் கூட்டிக்கிட்டு வர்ற வேலை."

"ஓ, ஆம்புலன்ஸா! பெரிய சேவையாச்சே. எல்லாரும் ஒழுங்கா வருவாங்களா?"

"எங்க வர்றாங்க? பாதிப்பேர் ஓடுவாங்க. சிலர் கடிச்சுக்கூட வச்சிடுவாங்க."

மேஜைக்கு அடியில் மகளின் கால் வலையக்காவின் முழங்கால் பட்டையில் விழுந்தது.

"குழந்தைங்களைச் சொல்றீங்க," என்று டீச்சரம்மா தானே அர்த்தம் பண்ணிக்கொண்டார். "ஆபரேஷன் முடிஞ்சப்புறம்?"

"நாங்களே கூட்டிக்கிட்டு வந்து வீட்டு வாசல்ல விட்டுடுவோம்."

"பார்த்தியாடா!" என்று மகன் பக்கம் திரும்பினார் டீச்சரம்மா. "இந்தக் காலத்துல எந்த ஆஸ்பத்திரியில இப்படிக் கவனிக்கிறாங்க!" மகன் டீயைக் குடிக்காமலேயே புரையேறி இருமினான்.

பேச்சு நன்றாகவே போனது. டீச்சரம்மாவுக்கு வலையக்காவைப் பிடித்துவிட்டது. என் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று வாசலுக்கு அழைத்துவந்து விசிலை ஊதினார். தெருவே அதிர்ந்தது. ஒரு நாய் வரவில்லை. இன்னொரு தடவை ஊதினார். எதிர்வீட்டுக் காருக்கு அடியில் நாலைந்து மூக்குகள் மட்டும் தெரிந்தன.

"பெரிய மனுஷங்க வந்தா இப்படித்தான், மரியாதையா ஒதுங்கிடும்ங்க," என்றார் டீச்சரம்மா. வலையக்கா அந்த மரியாதையைக் கூச்சத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு நாய் சாவகாசமாக வந்தது. வால் நுனி வெள்ளை. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. நேரே வலையக்காவிடம் வந்து, அவர் வலது கால்மேல் உட்கார்ந்தது.

"இவன் யார் காலையும் விட மாட்டான்," என்று சிரித்தார் டீச்சரம்மா. "சாமியார்னு பேரு. ஆனா இவன் பூர்வோத்திரம் தெரிஞ்சா அசந்துபோவீங்க. முன்னாடி இவன் பேரு ரவுடி! கேஸ் சிலிண்டர் போடுறவர் தெருமுனையிலயே சிலிண்டரை வச்சுட்டு ஓடிடுவாரு. ஸ்கூட்டரைக் கண்டாப் போதும், துரத்துவான். மூணு வருஷம் முன்னாடி ஒருத்தி வலை போட்டு அள்ளிட்டுப் போனா. அவளை விடுங்க, நாசமாப் போறவ. ஆனா அந்த டாக்டர் தெய்வம்! ஆபரேஷன் முடிஞ்சு வந்தான் பாருங்க, ஆளே மாறிட்டான்! ரவுடின்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கல. பழசெல்லாம் மறந்தே போச்சு. மத்த நாய்ங்க பழைய பகையில ஒரு மாசம் விரட்டுச்சு. இவன் ஒரு பதில் பேசல. இதைப் பார்த்துத்தான் நானே இந்த ஆபரேஷனோட அருமையைப் புரிஞ்சுக்கிட்டேன். அக்கம்பக்கத்து நாலு தெருவுக்கும் போய் எடுத்துச் சொல்லியிருக்கேன். ஆபரேஷன் பண்ணினா நாய்க்கு ஞானம் வந்துடும்னு."

வலையக்காவுக்குச் சைக்கிள் கடை வாசல் ஞாபகம் வந்தது. கீழே குனிந்து பார்த்தார். கால்மேல் உட்கார்ந்திருந்த ஞானி கொட்டாவி விட்டது.

"என்ன, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் டீச்சரம்மா. "எங்களுக்குச் சம்மதம்தாங்க. உங்க வீட்டுலதான் பொண்ணு எடுக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு."

"எந்த இடத்துல..." என்று வலையக்காவின் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. மகள் கையைப் பிடித்துத் தரதரவென்று ஆட்டோவுக்கு இழுத்துப் போனாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே காப்பகம். நோட்டுக் கட்டில் மூன்று வருஷம் பழையதை உருவினார். இருந்தது. 'ஆறு: பழுப்பு, ஆண், வால் நுனி வெள்ளை. சைக்கிள் கடை வாசல்.' மூன்று வரி தள்ளி, 'ஒன்பது: பழுப்பு, ஆண், வால் நுனி வெள்ளை. டீச்சர் வீட்டெதிர், வெள்ளைக் கார் அடி.' ஒரே நாளில் எடுத்திருக்கிறார். ஒரே நாளில் விட்டிருக்கிறார்.

காப்பகத்துக்கு வரும் நாய்க்குக் கழுத்தில் எண் போட்ட துணிப்பட்டை கட்டுவார்கள். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை, நீலத் துணியில் வெள்ளை நூலால் வலையக்காவின் கணவர் தைத்துக் கொடுத்தவை. விடுகிற அன்று அந்த எண்ணைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, இடத்தைப் பார்த்து விட வேண்டும். வலையக்கா ஆணியில் தொங்கிய ஆறாம் பட்டையை எடுத்தார். திருப்பிப் பிடித்தார். ஒன்பது.

இப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அந்தத் தடவை உண்ணி மருந்து போட்டுக் குளிப்பாட்டுவதற்காக ஒன்பது நாய்களின் பட்டையையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, உடனுக்குடன் அதனதன் கழுத்திலேயே மறுபடி கட்டியிருந்தார். நாய் மாறவில்லை, பட்டை மாறவில்லை. ஆனால் அவை கடிக்கப் பார்த்ததால் பின்னால் நின்று கட்டியிருந்தார். கட்டிவிட்டு முன்னால் வந்து பார்த்தால் நாலும் ஏழும் தலைகீழாக நின்றன. விழுந்து விழுந்து சிரித்தார். "என்னக்கா, சிரசாசனமா?" என்று டாக்டரும் சிரித்தார். தலைகீழாகத் தெரிந்ததையெல்லாம் வலையக்கா உட்கார்ந்து ஒழுங்காகத் திருப்பிக் கட்டினார். ஒன்று எப்படிக் கட்டினாலும் ஒன்றுதான், எட்டு எப்படிக் கட்டினாலும் எட்டுதான். ஆறும் ஒன்பதும் நேராகத்தான் தெரிந்தன. அவற்றைத் தொடவில்லை.

"அப்போ அது ஹார்மோன் இல்லையா?" என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் கூண்டுகளைச் சுற்றி வருகிறவர் அவர். சேதி கேட்டதும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "இருபது நிமிஷம் பேசினேன்க்கா. படம் போட்டுப் பேசினேன். எழுந்து நின்னு கை தட்டினாங்க."

வலையக்காவுக்கு டாக்டரைத் தேற்ற நேரமில்லை. பின்வரிசைக்குப் போனார். ரவுடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. வியாழக்கிழமை வைத்த சோற்றை மாற்றிப் புதுச் சோறு வைத்திருந்தார்கள். அதுவும் அப்படியே இருந்தது. மூன்று வருஷமாக முரட்டு நாய், முரட்டு நாய் என்று ஊரே திட்டிய நாய் அது. அது முரடுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் முரட்டுத்தனத்தோடேயே அதைப் பிடித்துப்போன ஒரு அம்மாள் எங்கோ இருந்தார். அவரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், முன்பின் தெரியாத தெருவில், முன்பின் தெரியாத பெயருக்கு வாலாட்டச் சொன்னது வலையக்கா. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குத் தன்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை.

வீட்டில் மகளிடம் சொன்னார். மகள், "கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லக்கூடாதாம்மா?" என்றாள். "மூணு வருஷம் ஓடிடுச்சு. இன்னும் மூணு மாசந்தானே?"

"அது மூணு நாளா சாப்பிடலடி."

"நீதான் அந்த வலைக்காரின்னு தெரிஞ்சாலே அவங்க தாங்க மாட்டாங்க. இதுல நாயையும் மாத்திட்டேன்னா..." மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவன் அம்மா பேச்சைத் தட்டுற ஆள் இல்லைம்மா."

வலையக்காவுக்கு மகளைவிட உசத்தி எதுவும் கிடையாது. அவளுக்காக அந்த நாயின் விஷயத்தை முழுங்கிவிடலாமா என்று அவர் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, தட்டில் கை வைத்ததும் சாப்பிட முடியவில்லை. எதிரே இருந்த மகள் அதைப் பார்த்தாள். தன் தட்டையும் தள்ளி வைத்தாள். "போய்ச் சொல்லிடு," என்றாள். "ஆனா நான் கூட வர மாட்டேன்."

திங்கட்கிழமை காலை வலையக்கா வேலை உடுப்போடு, காப்பக வண்டியை ஓட்டிக்கொண்டு, டீச்சரம்மா வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். நாய்கள் எல்லாம் சிட்டாகப் பறந்தன. சாமியார் மட்டும் வந்து வண்டிச் சக்கரத்தை முகர்ந்து பார்த்தது. சோற்றுப் பாத்திரத்தோடு வந்த டீச்சரம்மா வண்டியைப் பார்த்தார், அதில் எழுதியிருப்பதைப் படித்தார், இறங்கி நின்ற வருங்காலச் சம்பந்தியைப் பார்த்தார்.

"அந்த வலைக்காரி நான்தாங்க," என்றார் வலையக்கா. மூச்சு விடாமல் மீதியையும் சொன்னார். பட்டை, குளியல், ஆறு, ஒன்பது. "இது உங்க ரவுடி இல்லைங்க. பள்ளிக்கூடத்துப் பின்தெரு சைக்கிள் கடைக்காரரோட தம்பி. உங்க ரவுடி எங்க கூண்டுல கிடக்கு. அது மாறவே இல்லைங்க. அப்படியேதான் இருக்கு."

டீச்சரம்மா பாத்திரத்தைச் சுவர்மேல் வைத்தார். முப்பது வருஷம் பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைத்த கண்ணால் பார்த்தார். வலையக்காவுக்கு அந்த முழங்காலோடு முட்டி போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"நாலு தெருவுக்குப் போய்ச் சொன்னேனே," என்றார் டீச்சரம்மா. "ஞானம் வந்துடும்னு."

"ஆபரேஷன் நல்லதுதாங்க. ஞானம் மட்டும்தான் வராது."

டீச்சரம்மா வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார். "வண்டியை எடுங்க." பின்கதவைத் திறந்ததும் சாமியார் தானாக ஏறிக்கொண்டது.

 காப்பகத்தில் பின்வரிசைக்குப் போனபோது ரவுடி திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சரம்மா விசிலை வாயில் வைத்தார். ஊத முடியவில்லை. மூன்றாவது முயற்சியில் பாதி ஊதல்தான் வந்தது. ரவுடியின் காது நிமிர்ந்தது. எழுந்தது. திரும்பியது. அடுத்த நொடி அது கம்பியில் பாய்ந்து போட்ட சத்தம் இருக்கிறதே, சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அது திட்டியது. எங்கே போய்த் தொலைந்தாய், ஏன் வரவில்லை என்று மூன்று வருஷக் கோபத்தையும் சேர்த்து ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் திட்டியது. டீச்சரம்மா கூண்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "ஆமாண்டா, ஆமாண்டா," என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். திட்டி முடித்ததும் அது சோற்றுத் தட்டுக்குப் போய் ஒரே மூச்சில் காலி செய்தது. தட்டை எடுக்க வந்த டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஒரு துண்டைக் கிழித்தும் கொடுத்தது. "அவனேதான்!" என்று டீச்சரம்மா கை தட்டினார்.

முதலில் சைக்கிள் கடைக்குப் போனார்கள். வண்டி நின்றதும் கடைக்காரர், மறுபடியும் என்ன என்பதுபோல ஸ்பானரோடு வந்தார். கதவு திறந்தது. பழுப்பு நாய் இறங்கி, நேரே நடந்துபோய், எண்ணெய்க் கறை படிந்த அவர் கால்மேல் உட்கார்ந்தது. ஸ்பானர் கீழே விழுந்தது.

வலையக்கா நடந்ததைச் சொல்லி முடித்ததும் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினார். "பத்தொன்பது தடவை போன் பண்ணினேனே! இது என் தம்பியே இல்லை, இது என் தம்பியே இல்லைன்னு! ஒருத்தராவது காதுல வாங்குனீங்களா?"

வாங்கினோம், ஆனால் வேறு அர்த்தத்தில் வாங்கினோம் என்று சொல்ல வலையக்காவுக்கு நா எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவர் போனில் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

டீச்சரம்மா தன் சாமியாரைத் தடவிக்கொடுத்தார். தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். "இவனுக்குப் பால் ஒத்துக்காது," என்றார் கடைக்காரரிடம். "எனக்குத் தெரியாதா?" என்று அவர் ஆரம்பித்து, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்து, "ஞாயித்துக்கிழமை கடை லீவு. வந்து பாருங்கம்மா," என்றார்.

திரும்புகிற வழி முழுக்க டீச்சரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் ரவுடி எதிரே வந்த ஸ்கூட்டருக்கெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டே வந்தது. வலையக்கா ஸ்டியரிங்கைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், ஓரக்கண்ணால் பக்கத்து சீட்டைப் பார்த்தார். மகள் காலையிலிருந்து எட்டு தடவை போன் செய்துவிட்டாள். எடுத்து என்ன சொல்வது? நாய் வீடு சேர்ந்துவிட்டது, உன் பாடு தெரியாது என்றா?

டீச்சரம்மா வீட்டெதிரே வெள்ளைக் கார் நின்றது. வலையக்கா நோட்டைத் திறந்தார். தெருவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், இன்னொரு தடவை தெருவைப் பார்த்தார். பிறகுதான் கதவைத் திறந்தார். ரவுடி குதித்து, காருக்கு அடியில் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்து, பெருமூச்சு விட்டது. தெருமுனையில் கேஸ் சிலிண்டர்காரர் சைக்கிளை அப்படியே திருப்பினார்.

டீச்சரம்மா இறங்கிக் கேட்டில் கை வைத்தார். உள்ளே போகாமல் நின்றார். வலையக்கா எதிரே போய் நின்றார். முழங்கால் வலித்தது, உட்காரத் தைரியம் வரவில்லை.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார் டீச்சரம்மா.

"ஆமாங்க."

"சொன்னா கல்யாணம் நின்னாலும் நிக்கும்னு தெரியும்ல?"

"தெரியுங்க." அதற்குமேல் வலையக்காவால் முடியவில்லை. "எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைங்க. அவ தங்கமான பொண்ணு. தட்டைத் தள்ளி வச்சுட்டு, போய்ச் சொல்லும்மான்னு அனுப்பினதே அவதான்." பதினாலு வருஷமாக எத்தனையோ கடி வாங்கி அழாதவர், கேட்டின் எதிரே நின்று பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

 டீச்சரம்மா கேட்டை அகலத் திறந்தார்.

"அழாதீங்க சம்பந்தி, உள்ள வாங்க. கல்யாணத்தை நடத்திடுவோம். ஆனா ஒரே ஒரு கண்டிஷன். கல்யாணம் முடிஞ்சு பொண்ணைக் கொண்டாந்து விடுற வேலை உங்களுக்கு வேணாம். அவளே வந்துடட்டும். அட்ரஸ் அவளுக்கு நல்லாத் தெரியும்."